மாற்று வேட்பாளர்

பல்செட்டு எம்.எல்.ஏ. ஆனது யாரும் உட்கார்ந்து போட்ட திட்டத்தால் அல்ல. பொய்ப்பல் கீழ்வரிசை ஒன்று வேட்புமனு நேரத்தில் உடைந்து தொலைத்ததால் வந்த வினை அது. உடைந்தது அவருடைய பல்லும் இல்லை.

பல்செட்டு என்பதுதான் ஊரில் அவருக்குப் பெயர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு பொய்ப்பல் வரிசை செய்து தருவது தொழில். ரயில்வே கேட்டை ஒட்டிய கடைத்தெருவில், கட்சி அலுவலகத்துக்கு இரண்டு கதவு தள்ளி, ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒரு அறை. முன்னால் பெஞ்சு, நடுவில் திரை. திரைக்குப் பின்னால் அரைக்கும் மோட்டார், மெழுகு உருக்கும் சின்ன விளக்கு, பிளாஸ்டர் பவுடர் மூட்டை. அலமாரித் தட்டுகளில் யார் யாருடைய தாடையோ வெள்ளை வெள்ளையாக வரிசைகட்டி நிற்கும். அளவெடுப்பது டாக்டர் வேலை. தெரிந்தவர்களுக்கு மட்டும் அவரே எடுத்துவிடுவார். டாக்டர்களுக்கும் இது தெரியும், கண்டுகொள்ள மாட்டார்கள். பேசும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது, வாயைத்தான் பார்ப்பார். புதிதாக வந்தவர்கள் பாவம், இவருக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தொண்டை கிழியப் பேசுவார்கள்.

கட்சியில் அவர் உறுப்பினர். கடைத்தெருவில் எல்லோரும் சேர்ந்தார்கள், இவரும் சேர்ந்தார், அவ்வளவுதான். கூட்டத்துக்குப் போனால் கடைசி வரிசையில் ஓரத்து நாற்காலி. கொள்கையைப் பற்றிக் கேட்டால் மோட்டார் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்பார்.

கட்சியின் மாவட்டச் செயலாளரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. பதவியைக்கூட முழுசாகச் சொல்ல மாட்டார்கள். "மாவட்டம் வந்தாச்சா?" "மாவட்டம் இன்னைக்குக் கோவத்துல இருக்கு" என்றுதான் பேச்சு. அந்தத் தொகுதியில் தொடர்ந்து ஜெயித்து வந்தவர் அவர்தான். ஆள் குட்டை, குரல் நெட்டை. மேடையில் ஏறினால் மைக்குக்கே வேலை இருக்காது. சர்க்கரை வியாதியில் பல்லெல்லாம் ஒவ்வொன்றாகக் கொட்டிப்போக, மேல்வரிசையும் கீழ்வரிசையும் பல்செட்டுதான் செய்து கொடுத்தார். இது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். மாவட்டம் கர்ஜித்து, கூட்டம் கைதட்டுகிற நேரத்தில் கடைசி வரிசையில் இருந்த பல்செட்டு கைதட்ட மாட்டார். கீழ்வரிசை ஆடுகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கீழ்வரிசைதான் தேர்தல் சமயத்தில் கை கழுவும் தொட்டியில் விழுந்து இரண்டாகப் போனது. பல்செட்டு மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒட்டினார், அரைத்தார், மெருகு போட்டார். வேட்புமனு கொடுக்கும் நாளன்று காலையில் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே தேர்தல் அலுவலகத்துக்கே போய்விட்டார். மாவட்டம் அங்கே ஒரு தூணுக்குப் பின்னால் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, பத்திரிகைக்காரர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். டப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. திரும்பி நின்று மாட்டிக்கொண்டு இரண்டு தடவை கடித்துப் பார்த்தார்.

"உயிரைக் குடுத்துட்டய்யா!"

முக்கிய வேட்பாளரின் மனுவில் ஏதாவது கோளாறு வந்தால் கட்சி அம்போ என்று நிற்கக் கூடாது என்பதற்காக மாற்று வேட்பாளர் என்று இன்னொருவரையும் மனுப் போட வைப்பார்கள். வழக்கமாக அது மாவட்டத்தின் மனைவி. அந்த அம்மா மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தார். வேறு யாரைப் போடுவது என்று பக்கத்தில் நின்ற நிர்வாகிகள் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரைப் போட்டால் இன்னொருவருக்கு மூஞ்சி தொங்கும். மாவட்டம் யோசிக்கவே இல்லை. வாயில் பல் உட்கார்ந்த சந்தோஷத்தில் இருந்தார்.

"இந்தா, பல்செட்டு நிக்கிறான்ல. இவன் பேரைப் போடு. யாருக்கும் வயித்தெரிச்சல் வராது."

"எனக்குக் கடை தொறந்து கெடக்குதுண்ணே" என்றார் பல்செட்டு.

"கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? போட்டுட்டு ஓடு."

போட்டுவிட்டு ஓடினார்.

மனுக்களைச் சரிபார்த்த அன்று மாவட்டத்தின் மனு தள்ளுபடியானது. அரசாங்கக் காண்ட்ராக்ட் கையில் இருக்கும்போது தேர்தலில் நிற்கக் கூடாது என்பது சட்டம். பஸ் நிலையத்துக்குக் கூரை போடும் வேலை ஒன்று மாவட்டத்தின் பெயரிலேயே முடியாமல் கிடந்தது. அதைத் தன் மைத்துனர் பெயருக்கு மாற்றச் சொல்லி அவரிடமே எப்போதோ சொல்லியிருந்தார். மைத்துனர் மாற்றிவிட்டதாகத் தலையாட்டியிருந்தார். அதிகாரி ஆதாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தபோது மாவட்டம் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற காவலர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். சத்தத்தால் ஒன்றும் ஆகவில்லை. மாற்று வேட்பாளர் மனு சுத்தமாக இருந்தது. கட்சிச் சின்னம் பல்செட்டுக்குப் போனது.

செய்தி வந்தபோது அவர் ஒரு மேல்வரிசைக்கு மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருந்தார். மனைவியின் தம்பி மூச்சு வாங்க ஓடி வந்து திரையை விலக்கினான். பழைய ஸ்கூட்டர் வாங்கி விற்கிற தரகன் அவன். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, முதலில் கொண்டு வருபவன் தானாக இருக்க வேண்டும் என்று நினைப்பவன்.

"மாமா! நீங்கதான் வேட்பாளர்!"

"கதவைச் சாத்துடா, மெழுகுல தூசி விழுது" என்றார் பல்செட்டு. அப்புறம்தான் மண்டையில் ஏறியது.

மனைவி அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசல் முழுக்க முன்பின் தெரியாத ஆட்களின் செருப்பு. கூட்டம் கலைகிற வரைக்கும் சமையலறையிலேயே இருந்துவிட்டு, கடைசி ஆள் போனதும் கேட்டார்.

"யாரு உங்களைக் கையெழுத்துப் போடச் சொன்னது?"

"பேனாவை நீட்டினாரு. போட்டேன்."

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான் தலையாட்டினீங்க."

"அது சரியாத்தானே போச்சு?"

"அதுல எதிர்க்கட்சி இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பிரச்சாரம் முழுக்க மாவட்டத்தின் கையில். திறந்த ஜீப்பில் மாவட்டம் முன்னால் நின்று பேசும், வேட்பாளர் பின்னால் நின்று கையாட்டுவார். "நீங்க ஓட்டுப் போடப்போறது இவருக்கு இல்லை. எனக்கு! இவரு என் சட்டை மாதிரி. சட்டையா சபைக்குப் போகுது? உள்ள இருக்கிற ஆளுதானே போறான்!" என்று தெருவுக்குத் தெரு ஒரே பேச்சு. ஜனங்கள் சிரித்தார்கள். சட்டையும் சிரித்தது. சிரிக்கிற வாய்களை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார் பல்செட்டு. இத்தனை பேர் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுகிறார்கள் என்பது ஊரைச் சுற்றிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

ஜெயித்தார். ஜெயித்த அன்றே மாவட்டத்தின் வீட்டு முன்னறையில் உட்கார வைத்துச் சொன்னார்கள். காண்ட்ராக்ட் விவகாரத்தைக் கோர்ட்டில் முடித்ததும் பல்செட்டு ராஜினாமா செய்ய வேண்டும். இடைத்தேர்தல் வரும். மாவட்டம் நின்று ஜெயிக்கும். பல்செட்டு கடைக்குத் திரும்பிவிடலாம்.

"அண்ணே, நீங்க சொல்ற அன்னைக்கு எறங்கிடறேன்" என்றார் பல்செட்டு. மனசாரத்தான் சொன்னார். சபையைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே கவலை, அத்தனை நாள் கடையை யார் பார்ப்பது என்பதுதான்.

சபை அவர் நினைத்த மாதிரி இல்லை. பெரிய கூடம், மெத்தை நாற்காலிகள், காதில் வைத்துக் கேட்கும் கருவி, நடுவில் யாராவது ஒருவர் எழுந்து கத்துவார், மற்றவர்கள் உட்கார்ந்து கத்துவார்கள். அவர் இடம் பின்வரிசையில் தூண் ஓரம். முதல் கூட்டத்தொடர் முழுக்க வாயே திறக்கவில்லை. மச்சினன் உதவியாளர் என்று கூடவே ஒட்டிக்கொண்டான், புதுச் செருப்பு, புதுப் பேனா, யாரைப் பார்த்தாலும் "எம்.எல்.ஏ. பிஸியா இருக்காரு" என்று ஒரு பதில். எம்.எல்.ஏ. அப்போது கேன்டீனில் டீ ஆறட்டும் என்று காத்துக்கொண்டிருப்பார்.

அந்த வருஷமே கோர்ட்டில் மாவட்டத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சொன்ன சொல்படி பல்செட்டு ராஜினாமா செய்யக் கிளம்பினார். முதலில் கொறடாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். கொறடா என்பவர் ஓட்டெடுப்பு அன்று கட்சி உறுப்பினர் ஒருவர்கூட வெளியே நழுவாமல் சபைக்குள் தள்ளிக்கொண்டு வருகிற பொறுப்பில் இருப்பவர். எலும்பும் தோலுமான மனுஷர், கண் மட்டும் கத்தி. விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்.

"யோவ், ஆட்சியே நூல்ல தொங்குது. ஒரு தலை கொறஞ்சா மொத்தமும் கவுந்துரும். பேசாம உக்காரு."

"அண்ணனுக்கு வாக்குக் குடுத்துட்டேன்ங்க."

"உங்க அண்ணனுக்கு நான் சொல்லிக்கிறேன். நீ போ."

கொறடா சொல்லவில்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டுவிட்டாரா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. ஊருக்குத் திரும்பிய பல்செட்டு நடந்ததைச் சொன்னபோது மாவட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அந்தப் பல்லைச் செய்தவருக்கு அது கடிபடும் சத்தம் நன்றாகவே புரிந்தது.

"கொறடா வேணாம்னாரா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவரு."

"சொல்றேன்னாருண்ணே."

"சரி. அடுத்த கூட்டத்துல பாரு."

அடுத்த வருஷம் பல்செட்டு யாரிடமும் கேட்காமல் ராஜினாமாவை எழுதி எடுத்துக்கொண்டு நேராகச் சபாநாயகர் அறை வாசலுக்கே போய்விட்டார். உள்ளே ஆள் இருக்கிறார்கள், காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்த நேரத்தில் கொறடாவுக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிட்டது. விறுவிறுவென்று வந்தார். கையில் இருந்த காகிதத்தை வாங்கி, நாலாக மடித்து, பல்செட்டின் சட்டைப்பையிலேயே செருகினார்.

"இதை நீ எழுதல. நான் பாக்கல. வா, டீ சாப்பிடலாம்."

இந்தத் தடவை மாவட்டம் பொறுமையாகக் கேட்கவில்லை. கட்சி அலுவலகத்தில் நாலு பேர் எதிரில் வைத்தே வெடித்தார்.

"நாற்காலி சூடு புடிச்சிருச்சு! அதான் விஷயம். கதை விடாதே. என் ஓட்டுல போயி உக்காந்துக்கிட்டு எனக்கே நாமம் போடறியா?"

"நெஜமா போனேன்ணே. வாசல் வரைக்கும் போனேன்."

"வாசல் வரைக்கும் போனவனுக்கு உள்ள போகத் தெரியலையா? பொடிப் பய மாதிரி பேசாதே."

அன்றோடு பேச்சு வார்த்தை முறிந்தது. மாவட்டம் பொய்ப்பல்லைக்கூட வேறு ஊரில் போய்ப் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்தார். கட்டியவர் நல்ல வேலைக்காரர்தானாம். வாயோ மேடைப் பேச்சுக்காரர் வாய், அது அவருக்குத் தெரியாது. 'ச' வரும் இடத்தில் எல்லாம் ஒரு விசில் கிளம்பியது. "சட்டசபையில் சாதித்தது என்ன?" என்று மாவட்டம் கேட்டால் பிரஷர் குக்கர் மாதிரி இருந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் அதை மேடையில் செய்து காட்டிச் சிரிக்க வைத்தார்கள். பல்செட்டு சிரிக்கவில்லை. மேல்வரிசையில் முன்பல்லை ஒரு நூல் உள்ளே தள்ளி வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் மனைவியிடம் சொன்னார்.

ஊர் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. சட்டை ஆளையே விழுங்கிவிட்டது என்றார்கள். பல்செட்டு எவ்வளவு சொன்னாலும் யாரும் நம்பவில்லை. மச்சினன் மட்டும் நம்பினான். ஆனால் அவன் நம்பியதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை, எம்.எல்.ஏ. நிலைத்தால் அவன் உதவியாளர் வேலையும் நிலைக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

இதற்கு நடுவில் அவரை ஒரு குழுவில் போட்டிருந்தார்கள். உறுதிமொழிக் குழு என்று பெயர். மந்திரிகள் சபையில் எழுந்து "ஆவன செய்யப்படும்" என்று சொல்கிறார்களே, அது நடந்ததா இல்லையா என்று விசாரிக்கும் குழு. யாரும் கேட்டு வாங்காத குழு அது. பழைய உறுதிமொழிகளைப் புரட்டியபோது அவர் ஊர்ப் பெயர் தட்டுப்பட்டது. ரயில்வே கேட் மேலே பாலம் கட்டப்படும் என்று அவர் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒரு மந்திரி சொல்லியிருந்தார். அந்த மந்திரி செத்தும் போயிருந்தார்.

அந்தக் கேட் ஊரை இரண்டாக வெட்டும். கேட்டுக்கு இந்தப் பக்கம் கடைத்தெரு, அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. சரக்கு ரயில் வந்துவிட்டால் ஆம்புலன்ஸும் நிற்கும், பிணவண்டியும் நிற்கும். மனைவி வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால், இன்று கேட்டில் மாட்டிக்கொண்டவர் யார், தப்பியவர் யார் என்று சொல்லாத நாள் குறைவு. பல்செட்டு குழுக் கூட்டத்தில் முதல் தடவையாக வாய் திறந்தார். "அந்தப் பாலம் என்ன ஆச்சுங்க?" அவ்வளவுதான் கேட்டார். அதிகாரி ஆய்வில் இருக்கிறது என்றார். அடுத்த கூட்டத்திலும் அதையே கேட்டார். அதற்கடுத்த கூட்டத்திலும். நயமாகப் பேசவோ மேசையைத் தட்டவோ அவருக்கு வராது. ஆனால் பல் சரியாக உட்காராவிட்டால் திரும்பத் திரும்ப அரைத்துப் பார்த்துப் பழகிய கை அது. கடைசியில் அவர் எழுந்தாலே அதிகாரி "வரைபடம் தயாராகுதுங்க" என்று தானாகச் சொல்ல ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் எதிர்க்கட்சியிலிருந்து சிலர் கட்சி மாறி வந்து சேர்ந்தார்கள். ஆட்சிக்குத் தெம்பு வந்துவிட்டது. ஒருநாள் கேன்டீனில் கொறடாவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன் ராஜினாமா விஷயம். இப்ப வேணும்னா போய்க்க. தலைவர் தடை சொல்ல மாட்டாரு."

பல்செட்டு டீயைக் கீழே வைத்தார். "யோசிச்சுச் சொல்றேன்ங்க" என்றார்.

கொறடா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, யோசி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மறுபடி கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவர் சீருடையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"பாலம் பாதியில நிக்குமேன்னா?"

"ஆமா. புதுசா வர்றவரு முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"பாலத்துக்காக மட்டும்தானா?"

அது பல்செட்டுக்கே தெரியவில்லை. காலையில் சபைக்குக் கிளம்பும்போது சட்டையில் பிளாஸ்டர் பொடி இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற பழக்கம் விட்டுப் போயிருந்தது. வாசலில் காவலாளி சல்யூட் அடித்தால் கை தானாக எழுந்து பதில் சொன்னது. இதெல்லாம் எப்போது வந்தது என்று அவரைக் கேட்டால் சொல்லியிருக்க மாட்டார்.

"மாவட்டத்துக்கிட்ட சொல்லணும்ல?" என்றார் மனைவி.

"அவருதான் பேசறதில்லையே."

"வசதியாப் போச்சு" என்று சொல்லி, மடித்த துணியை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

பாலத்துக்கு வரைபடம் வந்தது. வளைத்துக் கட்டினால் ரயில்வே குடியிருப்புகளை இடிக்க வேண்டும். அதற்கு வேறு இலாகாவின் சம்மதம் வாங்க வேண்டும். அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நேராகக் கட்டினால் கடைத்தெருவில் ஒரு பக்கம் முழுசும் போகும். பல்செட்டின் கடையும் அந்தப் பக்கம்தான். கட்சி அலுவலகமும் அந்தப் பக்கம்தான். தொகுதி உறுப்பினர் என்ன நினைக்கிறார் என்று கேட்டார்கள். நேராகவே கட்டுங்கள் என்றார்.

கடைக்காரர்கள் வீட்டு முன்னால் திரண்டார்கள். பாத்திரக்கடைக்காரர், பக்கத்துக் கடையில் காலமெல்லாம் இருந்தவர், முன்னால் நின்றார்.

"ஏம்ப்பா, உன் கடையும் போகுதே, உனக்கு உறைக்கலையா?"

"உறைக்குதுண்ணே. ஆனா நேராப் போனாத்தான் பாலம் வரும்."

"உனக்கென்ன, எம்.எல்.ஏ. வேலை இருக்கு. நாங்க சட்டிப்பானையை எங்க கொண்டு போயி அடுக்குவோம்?"

மாற்று இடம் தருவதாக அரசாங்கம் சொன்னது. தந்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஈ காக்கா வராத இடம். கடை இடிபட்ட அன்று பல்செட்டு அலமாரியில் இருந்த அச்சுகளைத் தானே இறக்கி வைக்கோல் போட்டுப் பெட்டியில் அடுக்கினார். உதவிக்குக் கடைத்தெருவில் ஒருவரும் வரவில்லை. மச்சினன் வந்தான், வந்தவன் இரண்டு தாடையைக் கீழே போட்டு உடைத்தான்.

அடுத்த தேர்தலில் கட்சி மாவட்டத்தை நிறுத்தியது. பல்செட்டைக் கூப்பிட்டு விசாரிக்கக்கூட இல்லை. தூண்கள் எழும்பி, மேலே தளம் இல்லாமல் பாலம் பாதியில் நின்ற நேரம் அது. கடைத்தெரு மொத்தமும் எதிர்க்கட்சிக்குப் போட்டது. விசில் வேறு சேர்ந்துகொண்டது. மாவட்டம் தோற்றார், மயிரிழையில் தோற்றார். சட்டை தைத்தவனைச் சொல்ல வேண்டும், சட்டையைச் சொல்லி என்ன பயன் என்று விரக்தியாகப் பேசியதாகக் கேள்வி. புது உறுப்பினர் பாலத்தைத் திறந்து வைத்தார். விழாவில் மேடைக்கு எதிரே மூன்றாவது வரிசையில் பல்செட்டுக்கு இடம் போட்டிருந்தார்கள். போய் உட்கார்ந்தார். பேசியவர்கள் யாரும் அவரைப் பற்றிச் சொல்லவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை. அன்று மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து பாலத்தின் மேல் நடந்தே வீட்டுக்கு வந்தார்.

மோட்டாரை வீட்டு மாடியில் போட்டுத் தொழிலை மறுபடி ஆரம்பித்தார். டாக்டர்களில் சிலர் வேறு ஆளைப் பிடித்திருந்தார்கள், எம்.எல்.ஏ.விடம் போய் எப்படிப் பல் கட்டச் சொல்வது என்று கூச்சப்பட்டார்கள் சிலர். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள். முன்னாள் உறுப்பினர்களுக்கான பஸ் பாஸ் ஒன்று வந்தது. மச்சினன் மறுபடி ஸ்கூட்டர் விற்கப் போனான். பெயர்ப் பலகையில் மட்டும் 'எம்.எல்.ஏ. முன்னாள் உதவியாளர்' என்று இரண்டாவது வரி சேர்ந்திருந்தது.

வருஷங்கள் போயின. கொறடாவும் வயதாகிக் கட்சியை விட்டு ஒதுங்கிவிட்டார். ஒரு கல்யாண வீட்டில் மாவட்டமும் அவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார நேர்ந்தது. பேச்சு வாக்கில் கொறடா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பல்செட்டு முதல் வருஷம் வந்து கெஞ்சியதை, மறுவருஷம் சபாநாயகர் வாசலில் காகிதத்தைப் பிடுங்கி மடித்துச் செருகியதை. கேன்டீனில் பேசியதை அவர் சொல்லவில்லை. நினைவில் இல்லையோ, சொல்லத் தோன்றவில்லையோ.

மாவட்டம் மாடிப்படி ஏறி வந்தபோது பல்செட்டுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. இளைத்துப்போய், கன்னம் உள்வாங்கி, கையில் தடியோடு நின்றார். ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார்.

"கொறடாவைப் பாத்தேன். சொன்னாரு."

பல்செட்டு மோட்டாரை நிறுத்தினார்.

"நீ போயிருக்கே. ரெண்டு தடவை போயிருக்கே. நான்தான் நாக்குல நரம்பில்லாம பேசிட்டேன்." தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். "ஏன்யா, அன்னைக்கே அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்ணே."

"நல்லாச் சொல்லல நீ. எனக்கு நம்பற மாதிரி சொல்லல."

டீ வந்தது. குடித்து முடித்ததும் மாவட்டம் விசிலடிக்கிற மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கழற்றிக் கைக்குட்டையில் வைத்து நீட்டினார். பல் இல்லாத வாயால் குழறலாக, "புதுசாக் கட்டிக் குடு" என்றார்.

பல்செட்டு அச்செடுக்கும் மாவைக் குழைத்தார். கரண்டி போன்ற தட்டில் அதை நிரப்பி, மாவட்டத்தின் வாயில் வைத்து, இறுகுகிற வரைக்கும் அசையாமல் இருக்கச் சொல்லி, தாடையை விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். தட்டு வாயில் இருக்கும்போது யாராலும் எதுவும் பேச முடியாது. மேல் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த பல்செட்டு, அதிலிருந்து கண்ணை எடுக்காமல், சாதாரணமாகச் சொன்னார்.

"மூணாவது தடவையும் ஒண்ணு இருக்குதுண்ணே. கொறடாவே வந்து, இப்ப போய்க்கலாம், தடையில்லைன்னாரு. நான் போகலை. பாலம் பாதியில இருந்துச்சு. பாலம் இல்லாட்டியும் போயிருப்பேனான்னு தெரியலை."

மாவட்டத்தின் கண் பெரிதாயிற்று. தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. கை எழுந்து பல்செட்டின் மணிக்கட்டைப் பிடித்தது.

"அசையாதீங்கண்ணே. அச்சு பாழாயிடும்."

கை இறங்கவில்லை, இறுக்கமாகப் பிடித்தபடியே இருந்தது. மாவும் இறுகியது. பல்செட்டு தட்டை மெதுவாக ஆட்டிக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அச்சு நன்றாக விழுந்திருந்தது. தண்ணீர் டம்ளரை நீட்டினார். மாவட்டம் வாயைக் கொப்பளித்தார், துடைத்துக்கொண்டார், தடியை எடுத்தார். படி வரைக்கும் போய்த் திரும்பி நின்றார்.

"அடுத்தாப்புல எப்ப வரணும்?"

"வர்ற வாரம் வாங்கண்ணே. கடி சரியா இருக்கான்னு பாக்கணும்."

வேலையிலிருந்து வந்த மனைவி மேசைமேல் காலி டம்ளரைப் பார்த்து விசாரித்தார். நடந்ததைச் சொன்னார் பல்செட்டு.

"அடுத்தாப்புல எப்ப வரணும்னு அவரு கேட்டதுக்கு என்ன அர்த்தம்?"

"பல்லு வேணும்னு அர்த்தம்."

மாவட்டம் மறுவாரமும் வந்தார், அதற்கப்புறமும் வந்தார். பல் பொருந்தியது, விசில் நின்றது. வந்த தடவையெல்லாம் சர்க்கரை அளவைப் பற்றியும் பேரனின் படிப்பைப் பற்றியும் பேசினார். ராஜினாமாவைப் பற்றி இருவருமே பேச்செடுக்கவில்லை. பிறகு மகனோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார். கட்சிக்காரர்களிடம் அவர் எதையும் திருத்திச் சொல்லவில்லை. அதனால் ஊரில் இன்றைக்கும் சட்டை ஆளை விழுங்கிய பழைய கதைதான் ஓடுகிறது. பல் கட்ட மாடி ஏறி வருகிறவர்களிலும் சிலர் அதைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். உட்காருங்கள், வாயைத் திறங்கள் என்கிறார் பல்செட்டு.